உங்களுக்குத் தெரியுமா? ஒளிவிடும் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகள்

● வேர்க்குருவுக்குத் தடவும் காலமைன் லோஷனில் இருக்கிற வெள்ளைப் பொருள் துத்தநாக ஆக்சைடு. லோஷனின் இளஞ்சிவப்புக்குக் காரணம் அதோடு துளியளவு கலக்கும் இரும்பு ஆக்சைடு. டயர் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போவதும், வெயில் காப்புக் களிம்புகளில் சேர்வதும் இதே ஜிங்க் ஆக்சைடுதான். இந்தச் சாதாரணப் பொடியைத் தலைமுடியைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பிகளாக வளர்த்தெடுத்தால், ஒற்றைக் கம்பியே ஒரு லேசராக ஒளிவிடும். அந்தக் கம்பிகளைப் பற்றியவைதான் இந்தத் துணுக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே செய்தி: கம்பி எப்படி வளர்ந்ததோ, அதற்கேற்பத்தான் ஒளிரும்.

● பொடி வெள்ளையாகத் தெரிகிறதே தவிர, பழுதில்லாத துத்தநாக ஆக்சைடு படிகத்துக்கு நிறமே கிடையாது. அதில் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரானை விடுவிக்க 3.37 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இதைத்தான் ஆற்றல் இடைவெளி என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆற்றல் மிகுந்த ஊதாவுக்கே சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட்தான் உண்டு. ஆகவே காணும் ஒளி முழுவதும் படிகத்தை ஊடுருவிப் போய்விடுகிறது. சுமார் 370 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா மட்டும் உறிஞ்சப்படுகிறது. பொடியில் எண்ணற்ற துகள்களின் பரப்புகளில் பட்டு ஒளி சிதறுவதால் வெள்ளை. களிம்பு தோலைக் காப்பாற்றுவதும் லேசர் கம்பி ஊதா விளிம்பில் ஒளிர்வதும் இந்த ஒரே எண்ணால்தான்.

● சூடாக்கினால் மஞ்சள், ஆறினால் மறுபடி வெள்ளை. வேதியியல் செய்முறை வகுப்பில் துத்தநாக உப்பை அடையாளம் காண மாணவர்கள் பார்க்கும் மாற்றம் இது. வெப்பத்தில் ஆற்றல் இடைவெளி சற்றுச் சுருங்குகிறது. சிறிதளவு ஆக்சிஜனும் படிகத்தை விட்டு வெளியேறுகிறது. ஆக்சிஜன் கிளம்பிய இடத்தில் ஒரு காலியிடம் விழும். ஒளியியல் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருப்பது அந்தக் காலியிடங்களைப் பற்றித்தான். அந்த வாதம் பின்னால் வருகிறது.

● ராஜஸ்தானில் உதய்பூருக்கு அருகே ஜாவர் என்ற ஊர் இருக்கிறது. துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது இரும்பையோ செம்பையோ பிரிப்பதைவிடச் சிக்கலானது. கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் ஆக்சைடிலிருந்து உலோகம் பிரியத்தான் செய்யும். ஆனால் அதற்கு வேண்டிய வெப்பம், துத்தநாகத்தின் கொதிநிலையான 907 டிகிரி செல்சியஸையும் தாண்டிவிடுகிறது. உலோகம் உருகி ஓடுவதற்குப் பதிலாக ஆவியாகப் பறந்து, காற்றுப் பட்டதும் மறுபடி வெள்ளை ஆக்சைடாகிவிடும். ஜாவரின் உலைக்காரர்கள் களிமண் குடுவைகளைத் தலைகீழாக நிறுத்தி, மேலே நெருப்பும் கீழே குளிர்ந்த அறையுமாக அமைத்து, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கி உலோகமாகப் பிடித்தார்கள். 12ஆம் நூற்றாண்டை ஒட்டியே அங்கே இது பெருந்தொழிலாக நடந்திருக்கிறது. எறிந்த குடுவைகளைக் கொண்டு வீட்டுச் சுவர்களையே எழுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் துத்தநாகத்தை வடித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல்.

நானோகம்பி வளர்ப்பவர்கள் கையாள்வதும் இதே வேதியியல்தான். நோக்கம் மட்டும் நேரெதிர். துத்தநாக ஆக்சைடு பொடியையும் கிராஃபைட் பொடியையும் கலந்து ஒரு சிறு படகில் வைத்துக் குழாய் உலைக்குள் தள்ளுகிறார்கள். கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, துத்தநாக ஆவி எழும். ஆர்கான் வாயு அந்த ஆவியைக் குழாயின் மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டு போகும். அங்கே கொஞ்சமே கொஞ்சம் ஆக்சிஜனைச் சந்திக்க விடுவார்கள். ஜாவரில் எது நடந்துவிடக் கூடாது என்று குடுவையைத் தலைகீழாக வைத்தார்களோ, அதையே இங்கே அளவோடு நடக்க வைக்கிறார்கள்.

நேரடியாக ஆக்சைடு பொடியை மட்டும் ஆவியாக்கப் பார்த்தால் வெப்பம் எங்கேயோ போய்விடும். துத்தநாக ஆக்சைடின் உருகுநிலை சுமார் 1975 டிகிரி. கரி சேர்த்தால் 900 டிகிரியை ஒட்டியே வேலை முடிகிறது.

● எரியும் துத்தநாகத்திலிருந்து மிதந்து வரும் வெள்ளைப் பஞ்சுக்கு ஐரோப்பிய ரசவாதிகள் 'ஞானிகளின் கம்பளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் புகை நான்கு கால் நீட்டிய படிகங்களாகவும் ஊசிகளாகவும் தெரியும். நானோகம்பியின் உறவினர்களை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். பார்க்கும் கருவிதான் இல்லை.

● கால்வனைஸ் செய்த ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகையும் துத்தநாக ஆக்சைடே. அதை நிறைய சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் வரும். உலோகப் புகைக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். தோலில் தடவத் தீங்கில்லாத பொருள் நுரையீரலுக்குள் போகலாம் என்று பொருளல்ல. பட்டறையில் புகை வெளியேற வழியும் முகத்தில் தகுந்த மூடியும் கட்டாயம் வேண்டும்.

● கம்பி எங்கே முளைக்க வேண்டும் என்பதைத் தங்கம் முடிவு செய்கிறது. 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாக்னர், எல்லிஸ் இருவரும் சிலிக்கான் மீது தங்கத் துளியை வைத்து மெல்லிய சிலிக்கான் இழைகளை வளர்த்தார்கள். ஆவியிலிருந்து வரும் பொருள் உருகிய துளியில் கரைகிறது; துளி நிறைந்து ததும்பியதும் அடியில் திண்மமாகப் படிகிறது. படியப் படியத் துளி மேலே உயர்கிறது. ஆவி, திரவம், திண்மம் என மூன்று நிலைகளையும் கடப்பதால் அந்த மூன்றின் பெயராலேயே இந்த முறையை அழைக்கிறார்கள்.

துத்தநாக ஆக்சைடுக்கும் இதே வித்தை பலித்தது. சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசி உலையில் வைத்தால், அந்தப் பூச்சு சூட்டில் நிற்காமல் தனித்தனித் துளிகளாகச் சுருண்டுவிடும். தங்கம் தனியாக உருக 1064 டிகிரி வேண்டும். துத்தநாகம் கலந்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். துளி எவ்வளவு அகலமோ, பெரும்பாலும் கம்பியும் அவ்வளவு அகலம். தங்கம் இல்லாத இடத்தில் கம்பி முளைக்காது. ஆகவே தங்கத்தைக் கோலமிட்ட இடங்களில் மட்டும் கம்பிகளை எழுப்ப முடிகிறது.

● கம்பிகள் சாய்ந்து சரியாமல் நேராக நிற்க, அடியில் இருக்கும் தகடு ஒத்துழைக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடில் அணுக்கள் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் இடைவெளி, அறுகோணத் தளத்தில் 0.325 நானோமீட்டர். சஃபையர் படிகத்தில் அதன் நீள அச்சின் இடைவெளி 1.299 நானோமீட்டர். நான்கு மடங்கு போட்டுப் பாருங்கள். பொருத்தமின்மை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சஃபையரைச் சரியான முகத்தில் வெட்டினால் கம்பிகள் அடர்ந்து, செங்குத்தாக எழுகின்றன.

● 2001 ஜூன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பெய்டாங் யாங் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தத் துறைக்கே வாசல் திறந்தது. சஃபையர் மீது தங்கத் துளிகளின் உதவியால் 20 முதல் 150 நானோமீட்டர் விட்டமும், 10 மைக்ரோமீட்டர் வரை நீளமும் கொண்ட கம்பிகளை வளர்த்தார்கள். 266 நானோமீட்டர் புற ஊதா லேசரால் அவற்றைத் தூண்டினார்கள். தூண்டும் ஒளியின் வலிமை குறைவாக இருந்தவரை அகன்ற, மங்கலான ஒளிர்வுதான் வந்தது. ஒரு எல்லையைத் தாண்டியதும் 385 நானோமீட்டரை ஒட்டி 0.3 நானோமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் கூரிய கோடுகள் எழுந்து நின்றன. அறை வெப்பநிலையிலேயே நானோகம்பி லேசர் பிறந்துவிட்டது.

அந்த எல்லை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 40 கிலோவாட். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அதற்கு முன் இதே பொருளின் ஒழுங்கற்ற துகள்களிலும் மென்படலங்களிலும் லேசர் எழ வேண்டியிருந்த வலிமையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

என் கணிப்பில் அந்தக் கட்டுரையின் முதன்மையான செய்தி லேசர் அல்ல. வளர்ப்பவரும் அளப்பவரும் ஒரே மேசையில் இருந்தார்கள் என்பதே. கம்பியின் முகப்புகள் தட்டையாக, படிகம் பழுதில்லாமல் வளர்ந்திருக்காவிட்டால் எந்த லேசர் ஒளியால் தூண்டியும் அதை லேசராக்கியிருக்க முடியாது.

● அந்த லேசரில் கண்ணாடியைப் பொருத்தியது யார்? யாருமில்லை. கம்பியின் இரு முனைகளுமே கண்ணாடிகள். துத்தநாக ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2. அதன் தட்டையான முகப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளி உள்ளே திரும்பும். மீதி வெளியே போய்விடும். இவ்வளவு ஒழுகலையும் ஈடுகட்டும் அளவுக்குப் பொருளே ஒளியைப் பெருக்குகிறது என்பதுதான் அதிசயம். கம்பி நீளமானால் லேசர் கோடுகள் நெருங்கும், குட்டையானால் விலகும். கோடுகளின் இடைவெளியை வைத்தே கம்பியின் நீளத்தைக் கணக்கிட்டு, நுண்ணோக்கிப் படத்தோடு சரிபார்க்கிறார்கள்.

● இத்தனை பொருள்கள் இருக்க, ஏன் துத்தநாக ஆக்சைடு? விடை 60 என்ற எண்ணில் இருக்கிறது.

ஒளி பட்டு எலக்ட்ரான் மேலே போனதும், அது விட்டுச் சென்ற இடம் நேர்மின் துளையாக நடந்துகொள்ளும். எதிர்மின் எலக்ட்ரானும் நேர்மின் துளையும் ஒன்றையொன்று ஈர்த்து, ஜோடியாகச் சுற்றித் திரியும். இந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர். ஜோடி சேர்ந்தே இருந்து கூடிக் கரையும்போது ஒளி பிறப்பது எளிது. ஆனால் அறையின் வெப்பமே ஜோடியைப் பிரிக்கப் பார்க்கும். அந்த வெப்பத்தின் ஆற்றல் சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். நீல எல்.இ.டி. விளக்குக்கு ஆதாரமான காலியம் நைட்ரைடில் ஜோடியின் பிணைப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே சாதாரண வெப்பத்தில் அது நிலைப்பது கடினம். துத்தநாக ஆக்சைடிலோ பிணைப்பு 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். வெப்பத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் திரவ ஹீலியமோ திரவ நைட்ரஜனோ இல்லாமல், சாதாரண அறையிலேயே எக்சிட்டான்கள் உயிரோடு இருந்து ஒளி தருகின்றன.

● நானோ என்றாலே குவாண்டம் விளைவு என்று எழுதிவிடுகிறார்கள். துத்தநாக ஆக்சைடு கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது. எக்சிட்டானின் ஆரம் சுமார் 2 நானோமீட்டர். கம்பியின் விட்டமும் அந்த அளவுக்கு நெருங்கி இறங்கினால்தான் ஆற்றல் இடைவெளி விரிந்து நிறம் மாறும். 100 நானோமீட்டர் கம்பிக்குள் எக்சிட்டானுக்கு இடம் தாராளம். அங்கே நிகழும் புதுமைகளுக்குக் காரணம் வடிவமும் மேற்பரப்பும்தான்.

● உலையும் தங்கமும் இல்லாமல், இட்லிப் பானை அளவு சூட்டிலும் இந்தக் கம்பிகளை வளர்க்கலாம்!

வேண்டியவை துத்தநாக நைட்ரேட்டும் ஹெக்சமினும். ஹெக்சமின் என்பது மலையேறுவோர் அடுப்பில் எரிக்கும் திட எரிபொருள் வில்லையின் வேதிப்பொருள். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்தாகவும் கொடுக்கப்படுவது. இரண்டையும் நீரில் கரைத்து மூடி, 90 முதல் 95 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் போதும். சூட்டில் ஹெக்சமின் மெல்ல மெல்லச் சிதைந்து அம்மோனியாவை விடும். நீர் சிறிது சிறிதாகக் காரமாகும். அந்த நிதானமே முக்கியம். ஒரேயடியாகக் காரத்தை ஊற்றினால் வெள்ளை வண்டல்தான் மிஞ்சும். லியோனெல் வாய்சியர் 2003இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. அதே ஆண்டில் பெர்க்லி குழு 4 அங்குல சிலிக்கான் வில்லை முழுவதும் கம்பிகளை வளர்த்துக் காட்டியது. பெரிய உலை வாங்கப் பணமில்லாத ஒரு கல்லூரி ஆய்வகமும் இந்தத் துறைக்குள் வர வழி செய்தது இந்த முறைதான். இதற்கு நான் மிகப் பெரிய மதிப்பெண் கொடுப்பேன்.

செய்முறையில் இரண்டு நுணுக்கங்கள். முதலாவது, விதை. நாற்றங்காலில் விதை தெளிப்பதைப்போல, துத்தநாக அசிடேட்டை ஆல்கஹாலில் கரைத்துத் தகட்டின் மேல் பூசி, சுமார் 350 டிகிரியில் சுட்டு, நுண்ணிய ஆக்சைடு மணிகளைப் பதிக்க வேண்டும். விதை மணிகள் எந்தத் திசை பார்த்து அமர்கின்றனவோ, கம்பியும் அந்தத் திசையிலேயே எழும். இரண்டாவது, தகட்டை முகம் கீழே பார்க்கும்படி கரைசலில் தொங்கவிட வேண்டும். மேலே பார்த்து வைத்தால், கரைசலில் தானாக உருவாகும் வண்டல் இறங்கிக் கம்பிகளை மூடிவிடும். நானோ தொழில்நுட்பத்தில் இப்படிக் கைப்பக்குவம் சார்ந்த விஷயங்கள் ஏராளம்; ஆய்வுக் கட்டுரையில் அவை ஒரு வரியில் போய்விடும்.

● ஏன் உருண்டையாகாமல் கம்பியாக நீள்கிறது? படிகத்தின் நீள அச்சில் துத்தநாக அடுக்கும் ஆக்சிஜன் அடுக்கும் மாறி மாறி வருகின்றன. அதனால் ஒரு நுனி நேர்மின் சாயலும் மறு நுனி எதிர்மின் சாயலும் கொண்டிருக்கும். மின் சாயல் கொண்ட நுனி நிலையற்றது. வந்துசேரும் அணுக்களை விரைந்து பிடித்துக்கொள்ளும். ஆறு பக்கச் சுவர்களோ சமநிலையில் அமைதியாக இருப்பவை. நுனி ஓடும், சுவர் நிற்கும். கரைசலில் சிட்ரேட் சேர்த்தால் அது நுனியில் போய் ஒட்டி ஓட்டத்தைத் தடுத்துவிடும். அப்போது கம்பிக்குப் பதிலாக அறுகோணத் தட்டுகள் கிடைக்கும்.

● நீரில் வளர்ந்த கம்பி மலிவு; ஆனால் அதன் ஒளி தொடக்கத்தில் சோர்வாக இருக்கும். ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் உள்ளேயும் மேற்பரப்பிலும் சிக்கிக்கொள்வதால், புற ஊதா ஒளி மங்கி, மஞ்சளும் ஆரஞ்சுமான அகன்ற ஒளிர்வு மேலோங்கும். சில நூறு டிகிரியில் மறுபடி சுட்டெடுத்தால் புற ஊதா ஒளி நிமிரும்.

● ஒளியால் தூண்டி, திரும்பி வரும் ஒளியைப் பிரித்துப் பார்ப்பதுதான் ஒளிர்வு ஆய்வு. ஆய்வகப் பேச்சில் பி.எல். ஹீலியம்-காட்மியம் லேசரின் 325 நானோமீட்டர் கோடு இதற்கு வழக்கமான தேர்வு. அதன் 3.81 எலக்ட்ரான் வோல்ட், துத்தநாக ஆக்சைடின் இடைவெளியைத் தாராளமாகத் தாண்டும். திரும்பி வரும் நிறமாலையில் பொதுவாக இரண்டு மேடுகள். ஒன்று 380 நானோமீட்டரை ஒட்டிய ஒடுங்கிய புற ஊதா மேடு, எக்சிட்டானின் கையெழுத்து. இன்னொன்று 500 நானோமீட்டரைச் சுற்றி அகன்று கிடக்கும் பச்சை மேடு, பழுதுகளின் கையெழுத்து.

முதல் மேட்டின் உயரத்தை இரண்டாவதின் உயரத்தால் வகுத்துக் கம்பியின் தரத்தைச் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒரே கருவியில், ஒரே லேசர் வலிமையில், ஒரே நாளில் அளந்த மாதிரிகளுக்குள் அது சரி. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட அதைப் பயன்படுத்துவது தவறு. தூண்டும் ஒளியைக் கூட்டினால் பழுதுகள் சீக்கிரம் நிரம்பிவிடும், பச்சை தேங்கிவிடும், புற ஊதா ஏறிக்கொண்டே போகும். கம்பி மாறாமலேயே விகிதம் மாறிவிடும். இந்த எண்ணை அட்டவணையில் போடுகிறவர்கள், எந்த வலிமையில் அளந்தோம் என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

● அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? 1954இல் க்ரோகர், விங்க் இருவரும் ஆக்சிஜன் காலியிடத்தைச் சுட்டினார்கள். 1969இல் டிங்கிள், உள்ளே நுழைந்த செம்பு அணுக்கள் என்றார். 1996இல் வான்ஹூஸ்டன் குழு மறுபடி ஆக்சிஜன் காலியிடத்துக்கு வாதாடியது. துத்தநாகக் காலியிடம்தான் என்போரும் வலுவான சான்றுகளோடு நிற்கிறார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. வளர்க்கும் முறை மாறினால் பழுதின் வகையும் மாறும். எல்லாக் கம்பிகளின் பச்சைக்கும் ஒரே காரணத்தைத் தேடியதே இழுபறியை நீட்டித்திருக்கிறது என்பது என் எண்ணம். ஒன்று மட்டும் தெளிவு: கம்பி மெல்லியதாக ஆக, பருமனோடு ஒப்பிட மேற்பரப்பு கூடுகிறது, பச்சையும் பெரும்பாலும் கூடுகிறது.

● அந்தப் பச்சையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய வி.சி.ஆர்., டேப் டெக் முகப்புகளில் நேரத்தையும் எண்களையும் நீலப்பச்சையாகக் காட்டிய திரைகளில் பூசப்பட்டிருந்தது, துத்தநாகம் சற்று மிகுந்த துத்தநாக ஆக்சைடு. கம்பியில் பழுதென்று ஒதுக்கப்படும் ஒளியே அங்கே கோடிக்கணக்கான வீடுகளில் மணி காட்டியது.

● கம்பிக்குள் எந்த அந்நிய அணு ஒளிந்திருக்கிறது என்பதை ஒளியே பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும்.

அதற்குக் கம்பியை ஹீலியத்தால் குளிர்வித்து 4 கெல்வினுக்கு, அதாவது பூஜ்ஜியத்துக்குக் கீழே 269 டிகிரிக்கு இறக்க வேண்டும். அறை வெப்பத்தில் ஒரே மேடாகத் தெரிந்த புற ஊதா ஒளி, அங்கே 3.36 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிக் கூரிய கோடுகளாகப் பிரியும். எக்சிட்டான் ஏதாவதொரு அந்நிய அணுவின் அருகில் ஒட்டிக்கொண்டு கரையும்போது, அந்த அணுவுக்கே உரிய ஆற்றலில் ஒளி வரும். இந்தக் கோடுகளுக்கு ஐ-0 முதல் ஐ-11 வரை வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். ஐ-4 ஹைட்ரஜன், ஐ-6 அலுமினியம், ஐ-8 காலியம், ஐ-9 இண்டியம். கம்பி சுத்தம் என்று நம்பியிருப்போம். குளிரில் ஓர் அலுமினியக் கோடு எழுந்து நிற்கும். அலுமினியம் அடித்தளத்திலிருந்து ஏறியதா, மூலப்பொடியிலேயே இருந்ததா என்று வளர்ப்பவர் பின்னோக்கித் தேட வேண்டியதுதான். வளர்ப்பையும் ஒளியையும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கும் வேறோர் அளவீட்டைக் காண்பது அரிது.

● திருச்சியில் 1888இல் பிறந்த சர் சி.வி. ராமனின் பெயர் ஒவ்வொரு நானோகம்பி ஆய்விலும் ஒலிக்கிறது. 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்ட விளைவின்படி, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் ஆற்றலை அணுக்களின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வரும். துத்தநாக ஆக்சைடில் அந்த மாற்றம் சென்டிமீட்டருக்கு 438 அலைகள் என்ற இடத்தில் கூர்மையாகத் தெரியும். கோடு ஒடுங்கி நின்றால் படிகம் ஒழுங்கானது; இடம் பெயர்ந்தால் கம்பி இழுவையிலோ அழுத்தத்திலோ இருக்கிறது.

● முனைக்கு முனை மட்டுமல்ல, குறுக்குவெட்டிலும் ஒளி சுற்றும். ஒளிவிலகல் எண் 2 என்றால், 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து சுவரில் மோதும் ஒளி வெளியேற முடியாமல் முழுவதும் உள்ளே திரும்பும். அறுகோணத்தின் ஆறு சுவர்களிலும் 60 டிகிரியில் மோதி மோதி அது வட்டமடிக்கலாம். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தினர் 2004இல் துத்தநாக ஆக்சைடு ஊசிகளில் இதைக் காட்டினார்கள்.

● கம்பியே இல்லாமல், வெறும் பொடியிலும் லேசர் உண்டு. 1999இல் ஹுய் காவோ குழுவினர், துத்தநாக ஆக்சைடு பொடிக்குள் ஒளி துகளுக்குத் துகள் சிதறிச் சிதறித் தானே பாதை அமைத்துக்கொண்டு லேசராவதை நிறுவினார்கள். தாறுமாறு லேசர் என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு திசையிலும் வேறு வேறு நிறமாலை.

● வானொலியிலும் துத்தநாக ஆக்சைடுக்குப் பழைய பங்குண்டு. நியூ ஜெர்சியின் ஃபிராங்க்ளின் சுரங்கத்தில் இயற்கையாகக் கிடைக்கும் துத்தநாக ஆக்சைடு கனிமம் சிங்கைட், மாங்கனீசு கலந்ததால் செந்நிறம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரீன்லீஃப் பிக்கார்ட் அதை வானொலி அலை பிடிக்கும் படிகமாக்கினார். 1922இல் ரஷ்யாவின் ஒலெக் லோசெவ், சிங்கைட் மீது எஃகு முனையைத் தொட வைத்து, வெற்றிடக் குழாய் இல்லாமலே அலைகளைப் பெருக்கிக் காட்டினார். டிரான்சிஸ்டர் பிறக்க இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன.

● இருட்டில் கிட்டத்தட்ட மின்சாரமே கடத்தாத ஒரு கம்பி, புற ஊதா பட்டதும் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் மடங்கு கூடுதலாகக் கடத்தும். 2002இல் பெர்க்லி குழு இதை அளந்தது. இருட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் கம்பியின் மேல் ஒட்டி அதன் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும். புற ஊதா உண்டாக்கும் துளைகள் மேற்பரப்புக்கு வந்து ஆக்சிஜனை விடுவித்துவிடும். எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்கும். விளக்கை அணைத்தாலும் ஆக்சிஜன் திரும்ப வந்து ஒட்டும் வரை மின்னோட்டம் முழுதாக இறங்காது. வெற்றிடத்தில் இன்னும் தாமதம். வேகமான உணரிக்கு இது குறை. வாயுவை முகர்ந்து கண்டறியும் உணரிக்கு இதுவே மூலதனம்.

● வளைத்தாலும் மின்சாரம் வரும். 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சோங் லின் வாங், ஜின்ஹூய் சோங் இருவரும், நிற்கும் கம்பிகளை ஒரு பிளாட்டினக் கூர்முனையால் தடவி வளைத்து, சில மில்லி வோல்ட் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள்.

● பிறகு ஏன் கடையில் துத்தநாக ஆக்சைடு எல்.இ.டி. பல்பு கிடைக்கவில்லை? மின்சாரத்தால் ஒளி தர, எலக்ட்ரான் மிகுந்த பகுதியும் துளை மிகுந்த பகுதியும் சந்திக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடு கேட்காமலே எலக்ட்ரான் மிகுந்ததாக வளரும். துளை மிகுந்ததாக மாற்றுவது பெரும்பாடு. 2000ஆம் ஆண்டில் கிறிஸ் வான் டி வாலே தன் கணக்கீட்டில், எங்கும் நிறைந்திருக்கும் ஹைட்ரஜனே உள்ளே புகுந்து எலக்ட்ரான் கொடுக்கிறது என்று காட்டினார். 2005இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகக் குழு நைட்ரஜன் சேர்த்து ஊதா ஒளி விளக்கைச் செய்து காட்டியது. ஆனால் நிலையாக, திரும்பத் திரும்ப அதைச் செய்வது இன்றும் எளிதாகவில்லை. 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு, காலியம் நைட்ரைடை வசப்படுத்திய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் போனது. நடைமுறையில் பலர் துளை மிகுந்த காலியம் நைட்ரைடு தகட்டின் மேல் துத்தநாக ஆக்சைடு கம்பிகளை நிற்கவைத்துக் கூட்டு விளக்கு செய்கிறார்கள்.

● அந்த இரண்டு பொருள்களுக்கும் ஒரே அறுகோணப் படிக அமைப்பு. அணு இடைவெளியும் நெருக்கம். 2003இல் பெர்க்லியில் துத்தநாக ஆக்சைடு கம்பிகளை வளர்த்து, அவற்றைச் சுற்றிக் காலியம் நைட்ரைடு உறை படிய வைத்தார்கள். பிறகு அம்மோனியா, ஹைட்ரஜன் வாயுக்களில் சூடாக்கினார்கள். துத்தநாக ஆக்சைடு சிதைந்து ஆவியாக வெளியேறிவிட, உள்ளே 30 முதல் 200 நானோமீட்டர் துளையுடைய, ஒரே படிகத்தாலான காலியம் நைட்ரைடு குழாய்கள் மிஞ்சின.